இரண்டு டேக், ஒரே குண்டு

எல்க் என்னும் பெரிய மானினத்துக்கு 180 கிரெயின் எடையுள்ள குண்டு, மானுக்கு 150 கிரெயின், இதில் பேச என்ன இருக்கிறது என்பார் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர். பண்ணையில் வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர், எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்தவர். அவருடைய அலமாரியில் இரண்டு வகைத் தோட்டாப் பெட்டிகளும் தனித்தனித் தட்டுகளில் இருக்கும். எல்க் பெட்டியின் மேல் பேனாவால் ஒரு கொம்பு வரைந்திருப்பார். இரண்டு விலங்குகளும் ஒரே காட்டில், ஒரே வாரத்தில், ஒரே ஓடைக்கரையில் நிற்கும்போது ஒரே குண்டு ஏன் போதாது என்று ஒருமுறை கேட்டேன். போதும், ஆனால் இரண்டில் ஏதோ ஒன்றுக்கு அநியாயம் செய்வாய் என்றார். அந்தப் பதிலை என்னால் ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வரும் இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் பருவங்கள் மானுக்கும் எல்க்குக்கும் பொதுவானவை. டேக் என்பது ஒரு விலங்கைச் சுடுவதற்கான உரிமச் சீட்டு. மான் டேக் 1999 முதல் குலுக்கலில்தான் கிடைக்கிறது. ஆண் எல்க்குக்கான டேக்கைப் பல பகுதிகளில் கடையிலேயே வாங்கிவிடலாம். ஆகவே குலுக்கலில் பெயர் வந்த ஆண்டில் சட்டைப்பையில் இரண்டு டேக்குகளோடு மலையேறுகிறவர்கள் ஏராளம். ஒன்று எண்பது கிலோ எடையுள்ள மியூல் மான். மற்றது முந்நூறு கிலோவைத் தாண்டும் ஆண் எல்க். நம் கடமானில் மிகப் பெரியதோடு எடை போடலாம். முதலில் எது கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை. தோட்டாவை ஏற்றுவது விடியலுக்கு முன்பு, விலங்கு வருவது அதற்குப் பிறகு.

ஊரிலிருந்து பேசும் உறவினர்களுக்கு இந்தப் பேச்சே பிடிப்பதில்லை. இந்தியாவில் வேட்டையைத் தடுத்த 1972 சட்டத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு வேட்டை என்றால் செய்தித்தாளில் வரும் கைது படம்தான். நான் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியின் விலைக்குள்ளும் 1937-இல் வந்த சட்டப்படி 11 சதவீத வரி இருக்கிறது, அது வனவிலங்குப் பாதுகாப்புக்குத்தான் போகிறது என்று சொன்னால் அத்தை நம்புவதில்லை. அதை இங்கே வாதாடப் போவதில்லை. சுடுவது என்று முடிவாகிவிட்ட பிறகு எதைக் கொண்டு சுடுவது என்பதுதான் இப்போது என் கவலை.

இரண்டு கிராம் சண்டை

தோட்டா என்று நான் சொல்வது பித்தளைக் கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்பது அதன் முனையிலிருந்து கிளம்பிப் போகும் உலோகத் துண்டு மட்டும். 180 கிரெயின் என்பது 11.7 கிராம். 150 கிரெயின் என்பது 9.7 கிராம். ஆக, பெரியவரின் இரண்டு தட்டுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இரண்டே கிராம். இந்த இரண்டு கிராமுக்காக அமெரிக்க வேட்டைப் பத்திரிகைகள் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டிருக்கின்றன. வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் 1925-இல் வந்த .270 வின்செஸ்டர் தோட்டாவையும் அதன் 130 கிரெயின் குண்டையும் தலையில் வைத்துக் கொண்டாடினார். வேகமான, இலேசான குண்டைச் சரியான இடத்தில் வைத்தால் எல்க்கும் விழும் என்பது அவர் கட்சி. ஐடஹோவின் எல்மர் கீத்துக்கு அது விளையாட்டுச் சாமான். எல்க் எப்போதும் பக்கவாட்டில் வந்து நிற்பதில்லை, எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகக் கனமான குண்டு வேண்டும் என்பார் அவர். இருவரையும் படித்தால் இருவர் சொல்வதும் சரியென்றே படும். அதுதான் தொல்லை.

அவர்கள் காலத்துக் குண்டுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி செய்யப்பட்டவை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்பு உறை. விலங்கின் உடலில் பட்டதும் முனை மலர்ந்து அகல வேண்டும், ஆனால் சிதறிவிடக் கூடாது. வேகம் மிகுந்தால், அல்லது எலும்பில் பட்டால், உறையும் ஈயமும் தனித்தனியாகப் பிரியும். அப்படிப் பிரிந்தாலும் உள்ளே போகப் போதுமான மிச்சம் இருக்கட்டும் என்பதற்காகத்தான் கூடுதல் எடை. அதாவது 180 கிரெயின் என்பது பலத்தின் அளவு அல்ல. வழியில் இழக்கப்போவதற்கு முன்கூட்டியே எடுத்துவைத்த ஈடு. சிதறாத குண்டு ஒன்று இருந்தால் அந்த ஈடு எதற்கு?

கொலராடோ சட்டமும் இதே பழைய கணக்கில்தான் பேசுகிறது. மானுக்குக் குறைந்தது 70 கிரெயின் குண்டு, எல்க்குக்கு 85 கிரெயின். 100 கஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல். குண்டு மலரும் வகையாக இருக்க வேண்டும். எவ்வளவு மலர வேண்டும், எதில் பட்டாலும் உடையாமல் இருக்க வேண்டுமா என்றெல்லாம் அது கேட்பதில்லை. எடைபோட்டுப் பார்ப்பது எளிது, அதனால் எடையைக் கேட்கிறது.

ஃப்ளாட் டாப்ஸில் ஒரு காலை

பெரியவர் சொன்னபடியே நானும் இரண்டு வகைத் தோட்டாக்களைச் சுமந்த காலம் உண்டு. மாநிலத்தின் மிகப் பெரிய எல்க் மந்தை உலவும் ஃப்ளாட் டாப்ஸ் மலைச்சரிவில், மூன்றாம் பருவத்தில், ஓக் புதர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தேன். புதர்களுக்குள் மான் தடங்கள் நிறைய இருந்ததால் ரைஃபிளில் 150 கிரெயின். சாதாரண ஈயக் குண்டு, என் .30-06 ரைஃபிளிலிருந்து வினாடிக்கு 2,900 அடி வேகத்தில் கிளம்பக்கூடியது. எல்க்குக்கான 180 இடப்பக்கப் பையில். இரண்டும் என் ரைஃபிளில் ஒரே இடத்தில் படுவதில்லை. 200 கஜத்தில் கனமானது மூன்று விரற்கடை கீழே, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விழும். இதையெல்லாம் துப்பாக்கிப் பிடியில் ஒட்டிய துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தேன்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, எனக்கு வலப்புறம் ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள்ளிருந்து ஓர் ஆண் எல்க் வெளியே வந்தது. எழுபது கஜம்கூட இருக்காது. கொம்பில் ஒரு பக்கம் நான்கு கிளைகள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஐந்து இருந்ததைக் தொலைநோக்கி இல்லாமலே எண்ண முடிந்தது. என்னை நோக்கி, சற்றே சாய்ந்த கோணத்தில் நின்றது. அப்படி நிற்கும் விலங்கின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும் வழியில் முதலில் இருப்பது முன்தோள் மூட்டு, உடம்பிலேயே கெட்டியான எலும்புகளில் ஒன்று. அவ்வளவு அருகில் 150 கிரெயின் குண்டு முழு வேகத்தோடு போய் அந்த மூட்டில் மோதும். உடைத்துக்கொண்டு போகலாம், மூட்டிலேயே பொடிப்பொடியாகலாம். போல்ட்டை இழுத்துத் தோட்டாவை மாற்றலாம். அமைதியான காலையில் அந்த ஓசை எழுபது கஜம் போகாதா? மாற்றிவிட்டால் துண்டுத்தாளில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்? இந்த வரிசையில் நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே அது தலையைத் திருப்பி, இரண்டு எட்டில் மரங்களுக்குள் போய்விட்டது.

சுடாததில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் குண்டோடு அந்தக் கோணத்தில் சுடாமல் இருந்ததுதான் முறை. மாலையில் கூடாரத்தில் பெரியவரும் அதையே சொன்னார். என்னை அரித்தது வேறு. வேட்டையில் சுடும் கணம் வந்த பிறகு மனத்தில் இரண்டே கேள்விகளுக்குத்தான் இடம் உண்டு: விலங்கு எப்படி நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது. எனக்கோ அந்த இடம் முழுவதையும் குண்டுகளின் கணக்கு பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு குண்டுகள் சுமந்தால் ஒவ்வொரு விலங்குக்கும் ஏற்றது கையில் இருக்கும் என்பது அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது உண்மை. மலையில், ஏறக்குறைய பாதி நேரம், தவறான குண்டுதான் ரைஃபிளுக்குள் ஏறியிருக்கும்.

எந்தத் தவறு மலிவு?

அன்று இரவு யோசித்தபோது பெரியவரின் வாக்கியத்திலேயே விடை இருப்பது தெரிந்தது. ஏதோ ஒன்றுக்கு அநியாயம் நடக்கும் என்கிறார். சரி, இரண்டு அநியாயங்களும் ஒரே அளவானவையா?

மென்மையான குண்டு எல்க்கில் தோற்றால் என்ன நடக்கும் என்பதை இந்த மலைகளில் வேட்டையாடும் எவரும் அறிவார்கள். தோளில் பெரிய காயம், உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு நுரையீரல் மட்டும் கிழிந்த எல்க் மைல் கணக்கில் போகும். அடர்ந்த மரங்களுக்குள் போய்விட்டால், மேலே பனியும் பெய்துவிட்டால், இரத்தத் தடம் அவ்வளவுதான். எங்கோ ஒரு பள்ளத்தில் அது சாகும். முந்நூறு கிலோ விலங்கு நரிகளுக்கும் காக்கைகளுக்கும் போகும். இப்போது மறுபக்கம். கெட்டியான குண்டு மானில் தோற்றால்? மெல்லிய விலா எலும்புகளுக்கு நடுவே போதிய அளவு மலராமல் நுழைந்து மறுபுறம் வெளியேறும். மான் அங்கேயே விழாது, ஓடும். ஆனால் இரண்டு நுரையீரல்களிலும் துளை விழுந்த மான் நூறு கஜத்துக்கு மேல் ஓடுவது அரிது. உள்ளே போன வழி, வெளியே வந்த வழி என இரண்டு துளைகளிலிருந்தும் இரத்தம் சொட்டுவதால் தடமும் தெளிவாக இருக்கும். ஒரு தவறுக்கு விலை ஒரு விலங்கு, மற்றதற்கு விலை பத்து நிமிட நடை. இவற்றைத் தராசின் இரு தட்டுகளில் வைத்து நடுவில் முள் நிற்கும் இடத்தைத் தேடுவது அபத்தம். எல்க்குக்கு வேண்டிய குண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். மானைச் சுடும்போது அதை விலாவுக்குப் பதிலாகச் சற்று முன்னால், தோளை ஒட்டி வைக்க வேண்டும். மலர்வதற்கு வேண்டிய எதிர்ப்பு அங்கே கிடைக்கும்.

ஓர் உண்மையான தடை இதில் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. கெட்டியான குண்டு மலர வேகம் வேண்டும். அருகில் மென்மையான குண்டு ஆபத்து, தொலைவில் கெட்டியான குண்டு ஆபத்து. வேகம் வினாடிக்கு 1,800, 2,000 அடிக்குக் கீழே இறங்கினால் பல கெட்டிக் குண்டுகள் மலர மறுக்கும். ஆகவே கேள்வி எடையிலிருந்து தூரத்துக்கு நகர்கிறது: நான் எத்தனை கஜம் வரை சுடுவேன்? 500, 600 கஜம் சுடுகிறவர்களின் காலம் இது; கடைகளில் அதற்கேற்ற கருவிகளும் குவிந்து கிடக்கின்றன. எனக்கு, உட்கார்ந்த நிலையில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, 300 கஜம்தான் எல்லை. அதற்கு மேல் என் கைதான் சிக்கலே தவிர குண்டு அல்ல. 168 கிரெயின் குண்டு 2,800 அடி வேகத்தில் கிளம்பினால் 300 கஜத்தில் 2,200 அடிக்குக் குறையாது. ஒன்பதாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே மிஞ்சும். எல்லையை ஒப்புக்கொண்டதும் தடை காணாமல் போயிற்று.

கோலா உருண்டை சொன்ன தீர்ப்பு

ஒரே குண்டில் மென்மையையும் கெட்டியையும் சேர்க்க முடியும் என்று முதலில் காட்டியவர் ஜான் நாஸ்லர். ஓரிகன்காரர். 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஆண் மூஸ் ஒன்றை அவர் சுட, குண்டுகள் உள்ளே போகாமலே சிதறின. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவில் செம்பாலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி ஈயம் மலர்ந்து உதிரும், பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1948-இல் விற்பனைக்கு வந்த இந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் விற்கிறது. மானின் மீதும் உடனே மலரும், எல்க்கின் தோளையும் தாண்டும். என் கேள்விக்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே யாரோ விடை எழுதி வைத்திருக்கிறார் என்று மகிழ்ந்து, அதற்கே மாறினேன். பெரியவரும் ஏற்றுக்கொண்டார், 180 என்றால் மட்டும்.

அங்கேயே நின்றிருப்பேன். என் மனைவிதான் நிற்கவிடவில்லை. எங்கள் வீட்டில் மானின் முன்தொடை, கழுத்து இறைச்சியெல்லாம் அரைவைக்குத்தான் போகும். கொத்துக்கறியும் கோலா உருண்டையும் அதில்தான். குண்டு நுழைகிற இடமும் அதே தோள்தான். முன்பாதி ஈயம் உதிரும் என்றால் உதிர்ந்தது எங்கே போகிறது என்று கேட்டார். இரத்தம் கட்டிய பகுதியை வெட்டி எறிந்துவிடுகிறேனே என்றேன். கண்ணுக்குத் தெரிவதைத்தானே வெட்டுகிறீர்கள் என்றார்.

கேள்வி நியாயமானது. 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கான உணவு மையங்களுக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த அரைத்த மான் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. கையிருப்பைக் கொடுக்க வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொன்னது. தொடர்ந்து 736 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். காட்டு இறைச்சி உண்பவர்களிடம் ஈயம் சற்றே கூடுதலாக இருந்தது, ஆனால் அபாயம் என்று அப்போது வைத்திருந்த அளவை யாரும் தாண்டவில்லை. இதைப் பெரியவர் தன் கட்சிக்கும் என் மனைவி தன் கட்சிக்கும் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் அறுபது ஆண்டுகளாக ஈயக் குண்டு பட்ட இறைச்சியைத் தின்று நலமாகத்தான் இருக்கிறார். ஆனால் வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதும் உண்மை. எங்கள் மேசையில் உட்கார்ந்து கோலா உருண்டையைத் தின்பவள் பத்து வயதுக்காரி. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது; அங்கே காரணம் மனிதர்கள் அல்ல, வேட்டைக் கழிவைத் தின்று செத்துக்கொண்டிருந்த கோண்டோர் கழுகுகள்.

இப்படித்தான் முழுச் செம்புக் குண்டுக்கு வந்து சேர்ந்தேன். 1989-இல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. முனையில் குழி, பட்டதும் நான்கு இதழாக விரியும், உதிர ஈயமே இல்லை. முதலில் வந்தவை குழலுக்குள் செம்பை அப்பி மானத்தை வாங்கின. 2003-இல் குண்டைச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டிய பிறகுதான் ஒழுங்காயின. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். எடையை இழக்காது என்பதால் 180 தேவையும் இல்லை. 168 எடுத்தேன். தோளில் உதையும் சற்றுக் குறைவு. பெரியவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டுக்கும் நடுவில்தானே வந்து நின்றிருக்கிறாய் என்று சிரித்தார். விலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அதன்பின் ஒரு மானும் ஒரு பெண் எல்க்கும் அந்தக் குண்டில் விழுந்தன. மான் சற்றுத் தூரம் ஓடித்தான் விழுந்தது, எதிர்பார்த்தபடியே. துளையைச் சுற்றிக் கைப்பிடி இறைச்சிதான் வீண். எல்க்கில் குண்டு தோள் எலும்பை உடைத்து, உடலைக் கடந்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் நின்றிருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன்: 10.8 கிராம். கிளம்பும்போது 10.9. இரண்டு விலங்குகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார் பெரியவர். ஒப்புக்கொண்டேன்.

செம்பைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். கொல்லிமலை ஓரி எய்த ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புலவர் பாடினார். ஓரிக்கு அது புகழ். எனக்கு அது வழக்கு. எல்க் மந்தையாக நிற்கும் விலங்கு. முன்னால் நிற்பதன் விலாவைத் துளைத்து வெளியேறிய குண்டு பின்னால் நிற்பதையும் கொன்றால், என்னிடம் ஒரே டேக்தான். சிதறும் குண்டுக்கு இந்தக் கவலை குறைவு. ஆகவே மந்தை விலகி, ஒன்று மட்டும் தனித்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சில நேரம் அது தனித்து நிற்பதே இல்லை.

இப்போது புதிய சண்டை ஒன்று தொடங்கியிருக்கிறது. இங்கே பன்னிரண்டு வயதில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகலாம், மகள் இப்போதே நாள் எண்ணுகிறாள். அவள் தோளுக்கு .30-06 ஆகாது; சிறிய .243 ரைஃபிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதற்குப் பலரும் பரிந்துரைக்கும் செம்புக் குண்டு 80 கிரெயின். மானுக்குச் சட்டப்படி சரி, எல்க்குக்கு ஐந்து கிரெயின் குறைவு. 85 கிரெயினிலும் செம்புக் குண்டு கிடைக்கிறது. 150 கஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும் பெண் எல்க் என்றால் போதும் என்கிறேன் நான். எல்லையைச் சுருக்கினால் சின்னக் குண்டும் சரியாகும் என்பது என் கணக்கு. முதல் சில ஆண்டுகள் அவள் மானோடு நிற்கட்டும், எல்க்கின் முன்னால் குழந்தைக்குக் கணக்கெல்லாம் நினைவிருக்காது என்கிறார் பெரியவர். மனைவி இந்த முறை அவர் பக்கம். குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்போதும் ஏப்ரல் முதல் செவ்வாய். படிவத்தில் மானுக்கு ஒரு கட்டம், எல்க்குக்கு ஒரு கட்டம். இரண்டாவதை யார் நிரப்புவது என்று அவளையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.